மார்னியின் முதல் இரண்டு நிமிடம்

அலாரம் அடிக்கிறது. போர்வைக்குள்ளிருந்து ஒரு கை வந்து அதைத் தட்டி அடக்குகிறது. இரண்டு கால்கள் தரையில் இறங்குகின்றன. பல் துலக்குகிற சத்தம். குளியலறைக் கண்ணாடியில் தூக்கம் கலையாத ஒரு முகம். அந்த வருடம் எங்கள் கல்லூரியில் சினிமாப் பாடம் படித்த இருபத்தாறு பேரில் பதினேழு பேருடைய படம் இப்படித்தான் தொடங்கியது. மார்னி விக்னலின் படமும் அதில் ஒன்று.

நான் வாத்தியார் இல்லை. கேமரா, விளக்கு, மைக், ஒயர் எல்லாவற்றையும் பூட்டி வைத்து, கேட்கிறவர்களுக்குக் கொடுத்து, உடையாமல் திரும்ப வாங்குகிற டெக்னீஷியன். பெயர் டெரெக். பத்தொன்பது வருடமாக அதே அறை, அதே சாவிக்கொத்து. பிள்ளைகள் வாத்தியார்களை சார், மிஸ் என்பார்கள்; என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். பதினேழு வயதுப் பிள்ளை வாத்தியாரிடம் சொல்லாததை எல்லாம் என்னிடம் வந்து கொட்டும். ஒயரைச் சுருட்டிக்கொண்டே கேட்டுக்கொள்வேன்.

பரீட்சை போர்டு வைத்த வேலை இதுதான். இல்லாத ஒரு படத்தைக் கற்பனை செய்து, அதன் முதல் இரண்டு நிமிடத்தை மட்டும் எடுத்துக் கொடுக்க வேண்டும். நடுவும் வேண்டாம், முடிவும் வேண்டாம். கேட்க எளிதாக இருக்கும். இரண்டு நிமிடம் கழித்து, பார்க்கிறவன் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதானே என்று தோன்றும். அதற்குள்தான் பிள்ளைகள் தடுக்கி விழுவார்கள். படக் கம்பெனியின் பெயர் என்று சுழலும் உருண்டையும் மின்னலும் போட்டே முப்பது விநாடியைத் தின்றுவிடுவார்கள். மீதியில் அலாரம்.

இதில் யாரும் உதவக் கூடாது என்பது போர்டின் சட்டம். எந்தப் பொத்தான் எதற்கு என்று நான் சொல்லித் தரலாம். அதை எப்போது அழுத்துவது என்று சொல்லக் கூடாது. சொன்னால் அந்தப் பிள்ளை அதை ஒரு படிவத்தில் எழுத வேண்டும். எழுதினால் மார்க் குறையும். பதினோரு வருடத்துக்கு முன் ஒரு பையனிடம், "முதல் இருபது செகண்டத் தூக்கிப் போட்டுப் பாரேன்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவன் நேர்மையான பையன், எழுதிவிட்டான். படம் நன்றாக இருந்தது, மார்க் போயிற்று. அவன் அம்மா கல்லூரி வாசலில் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. அன்றிலிருந்து வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டுதான் வேலை பார்க்கிறேன்.

மார்னியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நெட்டையான பெண். முடியைத் தானே வெட்டிக்கொள்வாள். வெட்டியவள் கைக்குக் கண் இல்லை என்பது பார்த்தாலே தெரியும். வெள்ளியும் சனியும் மீன் வறுவல் கடையில் வேலை, அதனால் திங்கட்கிழமை வரைக்கும் மேலே, வறுவலில் தெளிக்கிற வினிகர் வாசம் இருக்கும். அப்பா லாரி ஓட்டுகிறவர். கார்லைலில் அவருக்கு வேறு குடும்பம். இங்கே அம்மாவும் மகளும் மட்டும்தான். அம்மா மேக்சின் கடற்கரைச் சாலையில் உள்ள பிங்கோ என்கிற எண் சூதாட்ட அரங்கில் எண்களைக் கூவிச் சொல்கிறவள். ஊரில் பாதிக் கிழவிகளுக்கு அவள் குரல் பாதிரியார் குரலைவிடப் பழக்கம். மகளுக்கோ வாயைத் திறக்க வரி கட்ட வேண்டும் என்பதுபோல ஒரு சிக்கனம்.

அவளுக்கு லீட்ஸ் பல்கலைக்கழகம் ஒன்றில் சினிமா படிக்க இடம் கிடைத்திருந்தது. ஒரே நிபந்தனை: இந்தப் பாடத்தில் 'பி' வாங்க வேண்டும். எழுத்துத் தேர்வில் அவள் சுமார். அதனால் இந்த இரண்டு நிமிடப் படம்தான் அவளைத் தூக்கிவிட வேண்டும். விக்னல் குடும்பத்தில் அதுவரை பல்கலைக்கழக வாசலை மிதித்தவர்கள் யாரும் இல்லை. லீட்ஸிலிருந்து வந்த கடிதத்தை மேக்சின் மடித்து, பிங்கோ அரங்கில் ஒவ்வொருவரிடமும் காட்டி, அது மடிப்பில் கிழிந்து, டேப் போட்டு ஒட்டியிருந்தாள்.

அக்டோபரில் ஹார்கிரீவ்ஸ் டீச்சர் முதல் முயற்சிகளை வகுப்பில் போட்டுக் காட்டினார். மார்னியின் அலாரம் அடித்து, மார்னியின் தோழி எழுந்து, பல் துலக்கி முடித்ததும் விளக்கைப் போட்டார். பின் வரிசையிலிருந்து ஒரு பையன் கை தூக்கினான்.

"எந்திரிச்சிட்டா. சரி மிஸ். நானுந்தான் தெனமும் எந்திரிக்கிறேன். என்னப் பாக்க யாரும் டிக்கெட் வாங்கலையே?"

வகுப்பு சிரித்தது. அவனுடைய படமும் அலாரம்தான் என்பது அவனுக்கு மறந்துவிட்டது. மார்னி காது வரைக்கும் சிவந்து உட்கார்ந்திருந்தாள்.

இரண்டாவது முயற்சி நவம்பரில். காட்டுக்குள் முக்காடு போட்ட ஒருவன், கையில் கத்தி, கத்தியில் தக்காளி சாஸ். எடுத்ததை என் அறைக் கணினியில் ஏற்றிவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

"டெரெக், உண்மையச் சொல்லுங்க. எப்படி இருக்கு?"

"போறப்ப பேட்டரி ரெண்டையும் சார்ஜ்ல போட்டுட்டுப் போ."

"இது ஒரு பதிலா?"

"எங்கிட்ட இருக்கிறது அவ்வளவுதான் கண்ணு. சட்டம்."

"ஊமை கனவு கண்ட மாதிரி முழிக்காதீங்க. நல்லா இல்லன்னு மூஞ்சியிலயே எழுதியிருக்கு. மூஞ்சியையும் படிவத்துல எழுதணுமா?"

எழுத வேண்டியதில்லை என்றாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எல்லாவற்றையும் முதல் பத்து விநாடியில் சொல்லிவிட்டாயே, பார்க்கிறவன் கேட்பதற்கு ஒன்றுமே மிச்சம் வைக்கவில்லையே என்று நாக்கு நுனி வரை வந்தது. தெரிந்ததைச் சொல்ல முடியாமல் நிற்பது பெரிய கொடுமை. தெரியாதவன் புண்ணியவான்.

ஆனால் அந்தப் பெண் கெட்டிக்காரி. யாரும் சொல்லாமல் தானே ஒரு வழி கண்டுபிடித்தாள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் வகுப்பில் படங்கள் போட்டபோது டீச்சரிடம் அனுமதி வாங்கி, நாற்காலியைத் திருப்பிப் போட்டு, திரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். எல்லாரும் படத்தைப் பார்க்க, இவள் பார்க்கிறவர்களைப் பார்த்தாள். கையில் ஒரு காகிதம். எந்தப் படத்தில் எத்தனையாவது விநாடியில் முதல் ஆள் போனை எடுக்கிறான் என்று குறித்துக்கொண்டே இருந்தாள். அலாரப் படங்களில் ஒன்பதாவது விநாடி. கத்திப் படத்தில் இருபத்திரண்டு. உருண்டையும் மின்னலும் சுழல்கிற படங்களில், அவை நிற்பதற்கு முன்பே.

ஒரே ஒரு படத்தில் மட்டும் நாற்பது விநாடி வரைக்கும் ஒருத்தரும் போனைத் தொடவில்லை. அது படம்கூட இல்லை. ஒரு சோம்பேறிப் பையன் கேமராவை அணைக்க மறந்து கடைக்குள் போயிருக்கிறான். கடை வாசலில் கட்டியிருந்த ஒரு நாய் மட்டும் பதிவாகியிருந்தது. கதவு திறக்கும்போதெல்லாம் நாய் எழுந்து நிற்கும். வேறு யாரோ வெளியே வருவார்கள். நாய் மறுபடி உட்காரும்.

மார்னி அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தாள்.

"நாய் யாருக்காகக் காத்திருக்குன்னு எல்லாருக்கும் தெரியும் டெரெக். வருவாங்களான்னுதான் தெரியல. அதான் விஷயம், இல்ல?"

நான் ஒயரைச் சுருட்டினேன். ஏற்கெனவே சுருட்டி வைத்திருந்த ஒயர் அது. அவிழ்த்து மறுபடி சுருட்டினேன்.

"சரி, சொல்லாதீங்க. நானே தெரிஞ்சுக்கிட்டேன்," என்று சொல்லிப் போனாள். பத்தொன்பது வருடத்தில் அந்த அறைக்குள் அவ்வளவு சந்தோஷமாக நான் வாயை மூடிக்கொண்டிருந்ததில்லை.

பிப்ரவரியில் அவளுடைய யோசனை முழுசாக வந்தது. நின்றுகொண்டே, ஒரே மூச்சில் சொன்னாள். அவள் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது அப்போதுதான்.

"எங்கம்மா காலைல வேலைக்குப் போறதுக்கு முன்னாடி கோட்டப் போட்டுக்கிட்டே சாப்பாட்டு மேசைல உக்காந்து டோஸ்ட்ல வெண்ணெய் தடவுவா. நேரமாயிருக்கும், கார எடுக்கணும், ஆனா அவ பாட்டுக்கு மூலை வரைக்கும் ஒழுங்கா தடவிக்கிட்டே இருப்பா. எனக்குப் பத்திக்கிட்டு வரும், எந்திரிம்மான்னு கத்தணும்போல இருக்கும். அந்த மேசைய அப்படியே தூக்கி மணல்ல போடப்போறேன். அம்மா, கோட்டு, டீ பாட், டோஸ்ட். பின்னால கடல் ஏறி வருது. பாதத்துக்கு வருது, கணுக்காலுக்கு வருது. அவ தடவிக்கிட்டே இருக்கா. ரெண்டு நிமிஷம், ஒரே ஷாட். வெட்டே கெடையாது. பாக்கிறவன் பூரா எந்திரி எந்திரின்னு தவிக்கணும். அவ எந்திரிக்கிறதுக்கு முன்னாடி படத்தோட பேரு வரும்."

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். என்ன சொல்வது? இத்தனை வருடத்தில் என் அறைக்குள் வந்த யோசனைகளில் இதற்குப் பக்கத்தில் நிற்கக்கூட ஒன்றும் இல்லை என்று சொல்லலாமா? கூடாது. "கேமரா முக்காலியோட கால்ல உப்புத்தண்ணி பட்டா உடனே நல்ல தண்ணில கழுவணும்," என்றேன்.

எங்கள் ஊரான மோர்கமின் கடல் மற்ற கடல்போல் இல்லை. இறங்கினால் கண்ணுக்கெட்டாத தூரம் போய்விடும், மைல் கணக்கில் ஈர மணல். ஏறும்போது அலை அடிக்காது. அவசரமாக நடக்கிற மனுஷன் வேகத்தில் மெல்லிய தகடாகப் பரவி வரும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி வருகிற பெரிய ஏற்றத்தில்தான் கரை வரைக்கும் அந்த அழகு வரும். படகு இறக்குகிற சரிவுப்பாதையின் காலடியில் மேசையைப் போட்டால் ஆபத்து இல்லை, பின்னால் நாலு எட்டு வைத்தால் கரை. பாதுகாப்புப் படிவத்தில் டீச்சர் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆனால் மார்ச் நடுவில் வந்த ஏற்றத்தின்போது புயல். மேசையே பறந்திருக்கும். அடுத்த பெரிய ஏற்றம் மாதக் கடைசியில். அப்போதும் சனிக்கிழமை முழுக்க மேக்சினுக்கு வேலை. மிஞ்சியது ஒரே ஒரு நாள், மார்ச் கடைசி ஞாயிறு. திங்கள் காலை ஒன்பது மணிக்குப் படத்தைக் கொடுத்துவிட வேண்டும்.

வெள்ளிக்கிழமை மதியம் மார்னி கதவைத் தட்டினாள்.

"டெரெக், கடல் பாடத்துல வராதுல்ல? கடல் எப்ப ஏறும்னு கேட்டா நான் அத எழுதணுமா?"

"கடல் எந்த சிலபஸ்லயும் இல்ல. தாராளமாக் கேளு."

எனக்கு வந்த உற்சாகத்தைச் சொல்லி முடியாது. பதினோரு வருடமாக வாயைக் கட்டிக்கொண்டு இருந்தவனுக்குக் கட்டு அவிழ்ந்தது. இந்த ஊரில் பிறந்து, இந்த மணலில் தூண்டிலுக்குப் புழு தோண்டி வளர்ந்தவன் நான். மேசை இழுப்பறையிலிருந்து மஞ்சள் அட்டைப் புத்தகத்தை எடுத்தேன். தூண்டில் கடையில் வருடா வருடம் வாங்குவது. ஒவ்வொரு நாளும் கடல் முழுசாக ஏறும் நேரம் அதில் இருக்கும்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் புத்தகத்தில் வருடம் முழுக்கக் குளிர்காலக் கடிகார நேரம்தான் போட்டிருப்பார்கள். மார்ச் கடைசி ஞாயிறு ஊரே கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளும், புத்தகம் தள்ளாது. அதனால் அன்றிலிருந்து அக்டோபர் வரைக்கும் நாம்தான் மனசுக்குள் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். என் அப்பா கூட்டினார், அவர் அப்பாவும் கூட்டினார். கூட்டாதவன் வெளியூர்க்காரன் என்று அர்த்தம். இறால் பிடிக்கிறவன், நாயை நடத்திக்கொண்டு போகிறவன், மணலில் குதிரை ஓட்டுகிற சின்னப் பெண் எல்லாருக்கும் அது கை நகம் கடிக்கிற மாதிரிப் பழக்கம்.

ஞாயிறு என்று போட்டிருந்த வரியில் பன்னிரண்டு இருபது. "பாரு, இந்த ஞாயித்துக்கிழமைதான் மணி மாறுது. அப்ப ஒண்ணு இருபது," என்றேன் பெருமையாக. "தண்ணி சரிவுப்பாதைக் காலடிக்கு வர்றது அதுக்கு ஒண்ணே கால் மணி நேரம் முந்தி. பன்னெண்டு அஞ்சுக்கு ஷாட்ட வச்சுக்கோ. பதினோரு மணிக்கு வந்தீங்கன்னா ஒரு மணி நேரம் இருக்கு, நிதானமா மேசைய வச்சு, கேமராவ வச்சு, ஒரு தடவ ஒத்திகையே பாத்துடலாம்."

ஒரு துண்டுக் காகிதத்தில் நேரத்தை எழுதி, கீழே இரண்டு கோடு போட்டுக் கொடுத்தேன். கல்லூரியின் நல்ல கேமரா தண்ணீர்ப் பக்கம் போனால் நானும் கூடப் போக வேண்டும் என்பது விதி. ஞாயிற்றுக்கிழமை சம்பளம் கிடையாது. கேட்டாலும் வேண்டாம் என்றிருப்பேன்.

அந்த ஞாயிறு காற்றே இல்லை. மூன்று வாரமாக ஊளையிட்ட காற்று எங்கே போயிற்றோ. வானம் பால் நிறத்தில் இருந்தது. பதினோரு மணிக்கு இரண்டு நிமிடம் முன்னால் நான் போய் நின்றேன். அடுத்த நிமிடமே மேக்சினின் சின்னக் கார் வந்தது, கூரையில் சாப்பாட்டு மேசை நாலு காலையும் மேலே தூக்கிக் கட்டியிருந்தது. மேக்சின் நல்ல பச்சைக் கோட்டுப் போட்டு, உதட்டுச் சாயம் பூசி, பிங்கோ அரங்கின் பெயர்ப் பட்டியைக் கழற்றாமல் இறங்கினாள். ஒன்றரைக்கு அவளுக்கு வேலை தொடங்கும்.

கடலைப் பார்த்தவள் நின்றுவிட்டாள்.

"ஏம்ப்பா டெரெக், தண்ணி வந்துக்கிட்டு இருக்கே?"

"அது வராது. இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு," என்றேன். கண்ணெதிரே வருகிற கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். மணலின் மேல் ஒரு வெள்ளிக் கோடு எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. அப்போதும் கடல்தான் தப்பாக வருகிறது, நான் சரி என்று ஒரு விநாடி நினைத்தேன். அப்படியும் ஒரு முட்டாள்.

"அம்மா, கயிறு!" என்று மார்னி கத்தினாள்.

மூன்று பேரும் கார்மேல் பாய்ந்தோம். மேக்சின் முடிச்சுகள் பலமானவை. அவிழ்வதற்குள் என் நகம் உடைந்தது. நான் பையைத் திறந்து முக்காலியை விரித்தேன். கேமராவை அதில் பொருத்துகிற அடித்தட்டு சிக்கிக்கொண்டது. ஆயிரம் தடவை மாட்டிய தட்டு. மேசையை இறக்கித் தாயும் மகளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு சரிவில் ஓடினார்கள். பாதி வழியில் மேசையை வைத்துவிட்டு மார்னி நின்றாள்.

மேசை போட வேண்டிய இடத்தைத் தண்ணீர் அப்போதுதான் தொட்டது. சத்தமே இல்லை. கண்ணாடித் தகடுபோல வந்தது; அதில் வானம் முழுசாகத் தெரிந்தது. ஒரு கடல் காக்கை அதன் விளிம்பிலேயே நடந்து வந்தது. மணலின் வரிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. அவள் பிப்ரவரியில் நின்றுகொண்டே சொன்னாளே, அதைவிட அழகாக இருந்தது. நான் அடித்தட்டை மாட்டி, லென்ஸ் மூடியைக் கழற்றி நிமிர்ந்தபோது அங்கே முழங்கால் அளவு சாதாரணப் பழுப்புத் தண்ணீர்.

மார்னி காரிலிருந்து எடுத்து வந்த டீ பாட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றாள். "இதுதான்," என்றாள். "இதேதான்."

அதற்குப் பிறகுதான் நான் மஞ்சள் புத்தகத்தைக் கோட்டுப் பையிலிருந்து எடுத்தேன். மார்ச் பக்கத்தின் அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி: கோடைக்கால நேரம் சேர்த்தே தரப்பட்டுள்ளது. அந்த வருடத்திலிருந்து மாற்றியிருக்கிறார்கள். வாங்கும்போது கடைக்காரர் சொன்னாரோ என்னவோ, நான் காதில் வாங்கவில்லை. ஐம்பத்திரண்டு வருடம் தெரிந்த ஒன்றை யார் படித்துப் பார்க்கிறார்கள்?

"நான்தான்," என்றேன். "ரெண்டாந்தடவ கூட்டிட்டேன். ஏற்கெனவே கூட்டிப் போட்டிருக்கான்."

மேக்சின் முதலில் சிரித்துவிட்டாள். "போப்பா, ஊரே கூட்டும். நானும் கூட்டியிருப்பேன்." பிறகு மகளின் முகத்தைப் பார்த்தாள். பையிலிருந்து சிகரெட்டை எடுத்து, பற்றவைக்காமல் திரும்ப உள்ளே வைத்தாள்.

ஏறிய கடல் இறங்கித்தானே ஆக வேண்டும்? ஒன்று நாற்பதுக்கு இதே இடத்தை விட்டுத் தண்ணீர் இறங்கும். மேக்சின் ஒரு போன் போட்டு வேலையை யாருக்காவது மாற்றிவிட்டு, மேசையில் அசையாமல் உட்கார்ந்தால் போதும். அதை எடுத்துப் பின்னிருந்து முன்னாக ஓட்டினால் தண்ணீர் ஏறி வரும். சரியாக வருமோ வராதோ, வர வாய்ப்பு உண்டு. என் தப்புக்கு என் கையிலேயே மருந்து இருந்தது.

"மார்னி, ஒண்ணு சொல்லவா..."

அவள் கையைத் தூக்கித் தடுத்தாள். "படத்தப் பத்தியா?"

"ஆமா."

"வேண்டாம் டெரெக். சொன்னீங்கன்னா நான் எழுதணும். எழுதலன்னா பொய் சொன்ன மாதிரி ஆயிடும். விடுங்க."

"ஒரு தடவ..."

"விடுங்கன்னு சொல்றேன்ல."

விட்டேன். எழுதினாலும் பரவாயில்லை என்று கத்தியிருக்கலாம். பதினோரு வருடத்துக்கு முந்திய அந்த அம்மாவின் பார்வை கண்முன் வந்து நின்றது. அன்று வாயை மூடியது சரியா தப்பா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. தெரியாமலே சாவேன் போலிருக்கிறது.

சரிவில் தண்ணீர் தகடாகப் பரவாது, கண்ணுக்கே தெரியாமல்தான் ஏறும். சரிவுப்பாதையின் மேலே, காய்ந்த சிமெண்டில் மேசையைப் போட்டு எடுத்தாள். மேக்சின் பிரமாதமாகச் செய்தாள். டோஸ்டின் மூலை வரைக்கும் நிதானமாக வெண்ணெய் தடவினாள். ஒரு முறைகூட கேமராவைப் பார்க்கவில்லை. பின்னால் நிறையக் கடல் இருந்தது. ஆனால் அது எங்கேயும் வரவில்லை, அங்கேயே கிடந்தது. கடற்கரையில் ஒரு அம்மாள் டோஸ்ட் சாப்பிடுகிறாள். சாப்பிடட்டுமே என்றுதான் இருந்தது. மார்னி ஏழு தடவை எடுத்தாள். ஒன்றேகாலுக்கு மேக்சின் ஓட வேண்டியதாயிற்று. அதே கோட்டோடு ஓடினாள்.

திங்கள் காலை நான் ஹார்கிரீவ்ஸ் டீச்சரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பாவம், அந்த அம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"போர்டுக்கு எழுதிப் போடலாமா மிஸ்? தப்பு அவ மேல இல்ல."

"எழுதலாம் டெரெக். உடம்பு சரியில்லன்னா ஒரு கட்டம் இருக்கு. வீட்ல சாவுன்னா ஒரு கட்டம். தீயணைப்பு மணி அடிச்சாக்கூட ஒண்ணு இருக்கு. கடலுக்கு எந்தக் கட்டத்துல டிக் போடறது? அதோட, ஒத்த நாள நம்பித் திட்டம் போட்டது மாணவியோட பொறுப்புன்னுதான் சொல்வாங்க."

படத்தோடு சேர்த்து மார்னி ஒரு சுயமதிப்பீடும் எழுத வேண்டும், எது சரியாக வந்தது, எது வரவில்லை என்று. பதிவேட்டில் வைப்பதற்கு முன் படித்துப் பார்த்தேன். 'கடல் ஏறும் நேரத்தைத் தவறாகக் கணித்துவிட்டேன்' என்று எழுதியிருந்தாள். யார் கணித்தது என்று இல்லை. திருத்தச் சொல்லலாம் என்று அவளைத் தேடிப் போனேன். கொடுத்த பிறகு திருத்த முடியாது என்று அவளே சொன்னாள்.

ஆகஸ்டில் முடிவு வந்தது. கல்லூரி மண்டபத்தில் நீள மேசை போட்டு உறைகளை அடுக்கியிருந்தார்கள். அன்று எனக்கு அங்கே வேலை இல்லை; ஒலிபெருக்கியைச் சரிபார்க்கிற சாக்கில் ஒரு மணி நேரம் ஒரே ஒயரோடு நின்றேன். அங்கங்கே கூச்சல், கட்டிப்பிடித்தல், அழுகை. மார்னி உறையை வாங்கி, ஜன்னல் பக்கம் போய், கத்தி வைத்த மாதிரி ஒழுங்காகக் கிழித்தாள். படித்தாள். மடித்தாள். 'சி'. மூன்று மார்க்கில் 'பி' போயிருந்தது. அங்கேயே நின்று லீட்ஸுக்குப் போன் செய்தாள். அவள் "சரி" என்று மூன்று தடவை சொன்னது கேட்டது. பிறகு "நன்றி" என்றாள்.

நான் அவளிடம் போனேன். போகாமல் இருந்திருக்கலாம்.

"லீட்ஸ்ல எடுத்துக்கல," என்றாள் அவளே. "திங்கக்கெழமலேர்ந்து அம்மா கூட வேலை. சில்லறை மாத்துற கூண்டுல ஆள் கேட்டாங்க."

"அடுத்த வருஷம் மறுபடி..."

"பாக்கலாம்."

"மார்னி, என்னாலதான். அந்த எழவெடுத்த புத்தகம். நான் அத ஒழுங்காப் படிச்சிருந்தா..."

அவள் ஜன்னல் வழியே வெளியே பார்த்தாள். கார் நிறுத்துமிடத்தில் மேக்சின் கார் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, முகத்தைப் பார்த்தே முடிவைத் தெரிந்துகொள்ள முயல்கிறவளாக நின்றிருந்தாள். மார்னி அவளைப் பார்த்து இல்லை என்று தலையை ஆட்டினாள். மேக்சின் கதவை மெல்லச் சாத்தினாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும் டெரெக்," என்றாள் மார்னி. "அன்னைக்குக் காலைல கடல் ஏறுற நேரத்த நான் போன்ல பாத்தேன். அதுல பன்னெண்டு இருபதுன்னுதான் போட்டிருந்துச்சு. அம்மாகூட இப்பவே கெளம்பலாமான்னு கேட்டா. நான்தான் வேண்டாம்னேன். போனுக்கு என்ன தெரியும், டெரெக் சொல்லியிருக்காருன்னேன்."